எழுதியது நீங்கள், பெயர் அவருடையது: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் 'என் எழுத்தை அனுமதியில்லாமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள்' என்று ஒரே வகைப் புகாரைச் சொல்லும் சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறோம்.

அரூர் பக்கத்து நடுகற்களைப் பற்றிப் படங்களோடு என் வலைப்பூவில் எழுதிய நீண்ட கட்டுரையை ஒரு இணையதளம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. என் பெயர் இல்லை. படங்களின் ஓரத்தில் இருந்த பெயரையும் வெட்டிவிட்டார்கள். பக்கம் முழுக்க விளம்பரம். கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அடுத்து என்ன செய்வது?
*பள்ளி ஆசிரியர், அரூர்*

சான்று கையில் சேரும்வரை இனி அவர்களுக்கு ஒரு வரியும் எழுதாதீர்கள். எடுத்தவர் உஷாரானால் பக்கத்தை நீக்கிவிட்டு வேறு முகவரியில் போடுவார், இல்லையென்றால் பதிவின் தேதியை உங்களுடையதற்கு முந்தையதாக மாற்றுவார். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் பதிவுத் தேதியை எழுதுபவரே இஷ்டம்போல் மாற்ற முடியும். அதனால் 'என் பதிவில்தான் பழைய தேதி இருக்கிறது' என்ற உங்கள் வாதமும் தனியாக நிற்காது.

கணினியில் குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து பிரிண்ட் கொடுங்கள். பிரிண்டருக்குப் பதிலாக 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து, 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்' கட்டத்தில் டிக் செய்தால் தாளுக்குத் தாள் முகவரியும் தேதியும் விழும். மொபைல் ஸ்கிரீன்ஷாட்டில் முகவரி பாதியோடு நின்றுவிடும், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். பிறகு இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் 'சேவ் பேஜ் நவ்' என்ற இடத்தில் அவர்கள் பக்கம், உங்கள் பக்கம் இரண்டையும் தனித்தனியே சேமியுங்கள். இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சர்வரில் நேரத்தோடு பதிவாகிவிடும் என்பதே இதன் பலம். உங்கள் கட்டுரை வெளியான காலத்திலேயே அங்கே பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தேதிச் சண்டை அதோடு முடிந்தது.

படங்களுக்கு மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்புதான் சான்று. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அதைவிட வலுவானது, நீங்கள் வெளியிடாமல் வைத்திருக்கும் படங்கள். அதே கல்லை, அதே வெயிலில், வேறு கோணத்தில் எடுத்த நான்கு படங்கள் உங்களிடம் இருக்கும். நகலெடுத்தவரிடம் அவை இருக்க வழியில்லை. கட்டுரையில் நீங்கள் விட்ட எழுத்துப்பிழைகள் அங்கேயும் அதே இடத்தில் இருந்தால் குறித்துவையுங்கள். சரியான வாக்கியம் இருவருக்கும் ஒன்றுபோல் அமையலாம், ஆனால் பிழை அப்படி அமைவது அபூர்வம்.

அடுத்தது எந்தக் கதவைத் தட்டுவது என்பது. தளத்தை நடத்துபவரிடம் கெஞ்சுவதைவிட, அவருக்கு சர்வர் இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் போவதே பலன் தரும். ஹூயிஸ் என்ற பதிவு விவரத் தேடலில் டொமைன் பெயரை (தளத்தின் முகவரிப் பெயர்) கொடுத்தால் அதைப் பதிவு செய்த நிறுவனமும், அந்தப் பெயரை சர்வரோடு இணைக்கும் நேம்சர்வரும் தெரியும். நேம்சர்வரில், தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பெயர் இருந்தால் உண்மையான ஹோஸ்டிங் அதன் பின்னால் மறைந்திருக்கிறது என்று பொருள். கிளவுட்ஃப்ளேரின் புகார்ப் படிவத்தில் போட்டால் அவர்கள் புகாரை உரியவருக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் அரூரில் உட்கார்ந்துகொண்டே அறிவிப்பு அனுப்பலாம், அமெரிக்காவில் பதிவு எதுவும் தேவையில்லை. அதில் இருக்க வேண்டியவை இவை: உங்கள் மூலக் கட்டுரையின் முழு முகவரி, அவர்கள் பக்கத்தின் முழு முகவரி, உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், 'உரிமையாளரோ சட்டமோ இதை அனுமதிக்கவில்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன்' என்ற உறுதிமொழி, 'இதிலுள்ள விவரங்கள் சரியானவை, பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு, உரிமையாளர் நானே' என்ற உறுதிமொழி, கையொப்பம் (முழுப்பெயரைத் தட்டச்சு செய்தாலே போதும்). இதில் ஒன்று குறைந்தாலும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். பலர் செய்யும் தவறு, தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கொடுப்பது. கட்டுரைக்கு ஒரு முகவரி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முகவரி என்று வரிக்கு ஒன்றாகக் கொடுங்கள். உணர்ச்சி வசனம் வேண்டாம். படிக்கிறவருக்குத் தமிழும் தெரியாது, உங்கள் உழைப்பும் தெரியாது. அதனால் இரண்டு பக்கங்களிலும் ஒத்துப்போகும் முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்துக் காட்டுங்கள்.

கூடவே கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தையும் நிரப்புங்கள். அதனால் தேடலில்தான் மறையும், பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் தேடலில் வராத பக்கத்துக்குக் கூட்டம் வராது. கூகுள் விளம்பரம் ஓடும் தளமென்றால் விளம்பரப் பிரிவுக்கும் தனியாகப் புகார் செய்யலாம். இவர்கள் எடுத்ததே அந்தக் காசுக்காகத்தான், அங்கே கை வைத்தால் மற்றதும் அசையும். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கூகுளுக்கு அனுப்பும் அறிவிப்புகளின் நகல் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகிறது. உங்கள் பெயர் அங்கே தெரியும், விவரங்கள் எதிராளிக்கும் போகலாம். வீட்டு முகவரி வேண்டாமென்றால் தபால் வந்து சேரும் வேறு முகவரியைக் கொடுங்கள்.

ஹோஸ்டிங் இந்திய நிறுவனமாக இருந்தால் வழி கொஞ்சம் மாறும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(சி)யும் 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் விதி 75உம் இங்கே பொருந்தும். எழுத்துப் புகார் கிடைத்து, அதில் நியாயம் இருக்கிறது என்று திருப்தியானால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அந்த நிறுத்தம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தருவேன் என்று புகாரிலேயே நீங்கள் உறுதி கொடுக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் அவர்கள் பக்கத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணமில்லாதவர் கூகுள் தேடல் வழியை முதலில் பார்ப்பதே நல்லது.

கல்லில் பொறித்த வாசகம் யாருக்கும் சொந்தமில்லை, அதை யாரும் மேற்கோள் காட்டலாம். உங்கள் விவரிப்பும் படங்களும்தான் உங்களுடையவை. புகாரில் கல்வெட்டு வரிகளையும் 'என்னுடையது' என்று சேர்த்தால் மொத்தப் புகாரும் பலவீனமாகிவிடும்.

என் எழுத்து எங்கெங்கே போயிருக்கிறது என்று எப்படித் தேடுவது? தலைப்பைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வருவதில்லை.
*கேழ்வரகு சாகுபடி பற்றி எழுதும் விவசாயி, பாலக்கோடு*

எடுப்பவர்கள் முதலில் மாற்றுவது தலைப்பையும் முதல் பத்தியையும்தான். கட்டுரையின் நடுவிலிருந்து எட்டுப் பத்துச் சொல் உள்ள ஒரு வரியை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கூகுள் ஒரு தேடலில் 32 சொற்களுக்கு மேல் பார்க்காது, பத்தி முழுவதையும் ஒட்டுவது வீண். நம் பக்கத்துப் பேச்சு வழக்கு உள்ள வரியாக இருந்தால் நல்லது. 'நாத்து பிடுங்கி', 'கொல்லையில்' மாதிரிச் சொற்களை நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'ஸ்ரீ' கணினியில் இரண்டு விதமாகப் பதிவாகிறது. ஒகர உயிர்மெய்யின் குறியைச் சில பழைய மென்பொருள்கள் கொம்பும் காலுமாக இரு துண்டாக எழுதிவைக்கும். ஔகாரத்துக்குப் பதில் 'ள' போடுபவர்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு இவை வேறு வேறு. இப்படிப்பட்ட எழுத்துகள் இல்லாத வரியாகத் தேர்ந்தெடுங்கள். படமாக மாற்றிப் போட்டிருந்தால் எழுத்துத் தேடலில் சிக்காது, அதற்குப் படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ்தான். ஃபேஸ்புக், டெலிகிராம் உள்ளே இருப்பவை கூகுளில் சரியாக வராது, அந்தந்த இடத்துக்குள்ளேயே தேட வேண்டும். அதே மேற்கோள் வரியை கூகுள் அலர்ட்ஸில் போட்டுவைத்தால் புதிதாக எங்காவது முளைக்கும்போது மின்னஞ்சல் வரும்.

நீங்கள் பதிவிட்ட சில நிமிடத்திலேயே நகல் வந்தால் அது மனிதர் வேலை இல்லை, உங்கள் ஃபீடை (புதிய பதிவுகளைத் தானாக வெளியே அனுப்பும் வசதி) உறிஞ்சும் நிரல். வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதிக்குப் போய் ஃபீடில் முழுப்பதிவுக்குப் பதில் 'எக்ஸர்ப்ட்' என்று மாற்றுங்கள். பிளாக்கரில் 'சைட் ஃபீட்' பகுதியில் 'ஷார்ட்' வையுங்கள். கட்டுரைக்குள் உங்கள் பழைய பதிவுகளுக்கு ஓரிரு லிங்க் கொடுத்திருந்தால் நகலிலும் அவை அப்படியே போய் ஒட்டிக்கொள்ளும், அதுவே ஒரு சான்று. வலது கிளிக்கைத் தடுக்கும் நிரல்கள் வாசகரை எரிச்சலூட்டுமே தவிர எடுப்பவரைத் தடுக்காது.

என் சிறுகதையை யூடியூபில் ஒருவர் குரலில் வாசித்துப் போட்டிருக்கிறார். 'நன்றி: இணையம்' என்று கீழே எழுதியிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?
*இல்லத்தரசி, ஓசூர்*

ஆகாது. உங்கள் பெயரையே போட்டு நன்றி சொல்லியிருந்தாலும் அது அனுமதியாகாது. கதையை ஒலிப்பதிவு செய்வதும் பொதுமக்களுக்கு எட்டச் செய்வதும் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 14இன்படி எழுதியவரின் உரிமை. பெயரை விட்டது பிரிவு 57இன் கீழ் தனிக் குற்றச்சாட்டு. கதையின் உரிமையை நீங்கள் விற்றுவிட்டிருந்தால்கூட 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் உரிமை உங்களிடமே இருக்கும். விமர்சனத்துக்காக நாலு வரி வாசித்தால் பிரிவு 52 அனுமதிக்கிறது. முழுக்கதையை வாசித்துவிட்டுக் கடைசியில் 'அருமையான கதை நண்பர்களே' என்றால் அது விமர்சனம் இல்லை.

வீடியோவைப் பார்த்து, எந்த நிமிடத்தில் கதையின் எந்தப் பத்தி வருகிறது என்று ஐந்தாறு இடம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூடியூபின் பதிப்புரிமைப் படிவம். உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது 7 நாள் அவகாசம் கொடுக்கும் தெரிவு உண்டு. அவகாசத்துக்குள் அவரே நீக்கிவிட்டால் சேனலுக்கு ஸ்டிரைக் (யூடியூப் பதிவு செய்யும் எச்சரிக்கை) விழாது. தெரியாமல் செய்த சின்ன சேனல் என்றால் அவகாசம் கொடுப்பது நியாயம். அடுத்தவர் கதைகளாலேயே ஓடும் சேனலுக்கு அது தேவையில்லை. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும் என்பதால், பெரும்பாலும் முதல் ஸ்டிரைக்கிலேயே பேச வருவார்கள்.

'நீக்கியது தவறு' என்று அவர் யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு கொடுத்தால் கவனம் தேவை. அதன்பின் 10 வேலைநாளுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கான சான்றைக் கொடுக்காவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். எதிர் அறிவிப்பில் அவர் தன் பெயர், முகவரியைக் கொடுத்தாக வேண்டும். அதுவரை முகமில்லாமல் இருந்த ஆள் யாரென்று உங்களுக்கு அங்கேதான் தெரியவரும்.

என் கதை கன்னடத்தில் வேறு பெயரில் வந்திருப்பதாகத் தோழி சொன்னாள். மொழி மாறிவிட்டால் நம் உரிமை போய்விடுமா?
*அங்கன்வாடிப் பணியாளர், தேன்கனிக்கோட்டை*

போகாது. மொழிபெயர்ப்பு உரிமையும் பிரிவு 14இல் எழுதியவருக்கே. ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுக்கு அதிகம். கதைக்கரு ஒன்றாக இருப்பது போதாது. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிகாரக் கணவனும் பொறுமையான மனைவியும் எந்த மொழியிலும் யாருக்கும் சொந்தமில்லை.

கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து மூன்று பத்தியாக ஒரு அட்டவணை போடுங்கள். இடதுபக்கம் உங்கள் வரி, நடுவில் கன்னட வரி, வலதுபக்கம் அந்த வரியின் நேரடித் தமிழாக்கம். காட்சிகளின் வரிசை, உவமை, உரையாடல், கதைக்குத் தேவையே இல்லாத சின்ன விவரங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். நீங்கள் சும்மா வைத்த ஒரு பேருந்து எண் அங்கேயும் இருந்தால், அது பத்து ஒற்றுமைக்குச் சமம். தமிழாக்கத்தை நீங்களே செய்யாதீர்கள், சாதகமாக எழுதிவிட்டீர்கள் என்பார்கள்.

பதிவு செய்யாத எழுத்துக்கு உரிமை உண்டா? எனக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்கிறார்களே?
*கல்லூரி மாணவர், போச்சம்பள்ளி*

எழுதி முடித்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. வாழ்நாளும், இறந்த பிறகு 60 ஆண்டும் அது நிற்கும். பதிவு கட்டாயமில்லை. தனக்குத்தானே தபால் அனுப்பும் பழக்கத்துக்குச் சட்டத்தில் தனி இடம் ஏதும் இல்லை. ஒட்டாத உறையை அனுப்பி, பிறகு உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்து ஒட்டலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார்.

நாவல், தொகுப்பு மாதிரிப் பெரிய வேலை என்றால் பதிவு செய்துவையுங்கள். புதுதில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 14, இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்தின் வரிசை எண்) கிடைத்ததும் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், பிறகுதான் பரிசீலனை. நாலு வரிக் கவிதை ஒவ்வொன்றுக்கும் 500 கட்டுவது காசுக்குக் கேடு. அவற்றைத் தொகுப்பாக்கிய பிறகு பதிவு செய்யலாம்.

பாட்டிமார்களிடம் கேட்டுச் சேகரித்த தாலாட்டும் ஒப்பாரியும் என் தொகுப்பிலிருந்து அப்படியே வேறொரு தளத்தில் வந்திருக்கின்றன. நான் உரிமை கோரலாமா?
*ஓய்வுபெற்ற நூலகர், பென்னாகரம்*

பாட்டுக்குக் கோர முடியாது. வாய்வழியாக வந்த பாடல் நீங்கள் எழுதியது அல்ல. ஆனால் எந்தெந்தப் பாடல், எந்த வரிசையில் என்று நீங்கள் தேர்ந்து அமைத்த தொகுப்பு, முன்னுரை, சொற்பொருள் குறிப்பு, பாடியவர் பற்றிய விவரம் எல்லாம் உங்கள் எழுத்து. உங்கள் குறிப்போடும் வரிசையோடும் எடுத்திருந்தால் அந்த அளவுக்குப் புகார் செய்யுங்கள். இரண்டு தாலாட்டை மட்டும் எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் ஒலிப்பதிவைப் போட்டிருந்தால் கதை வேறு: பதிவு செய்தவருக்கு ஒலிப்பதிவின் மேல் தனி உரிமை உண்டு.

பத்திரிகைக்கு அனுப்பி அச்சான கதையை அவர்களே மின்னூலாக்கி விற்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை. கேட்டால் 'எங்களுக்கு அனுப்பியதே எங்களுடையதுதான்' என்கிறார்கள்.
*தனியார் நிறுவன ஊழியர், கிருஷ்ணகிரி*

நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர் என்றால் உரிமை உங்களுடையது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது பிரிவு 19. எழுத்தில் கொடுத்திருந்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். போட்டிக்கு அனுப்பிய கதையா என்று மட்டும் பாருங்கள். போட்டி விதிகளில் உரிமை பற்றி வரி இருந்து, நீங்கள் கையொப்பமிட்டு ஏற்றிருந்தால் நிலைமை மாறும். அனுப்பிய மின்னஞ்சலையும் அவர்கள் பதிலையும் அழிக்காமல் வையுங்கள். இங்கே சண்டையைவிடக் கடிதம் மேல்: மின்னூலிலிருந்து நீக்குங்கள், இல்லையேல் இன்ன விகிதத்தில் தொகை தாருங்கள் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள்.

போலீசுக்குப் போகலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா? சென்னைக்கு அலைய வேண்டுமா?
*அச்சக உரிமையாளர், தருமபுரி*

சென்னைக்கு அலைய வேண்டாம். பிரிவு 62 எழுதியவருக்குச் சாதகமானது. எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். தடையுத்தரவு, நஷ்டஈடு, அவர் சம்பாதித்ததன் கணக்கு மூன்றையும் கேட்கலாம். மீறல் நடந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். செலவு தாங்காதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி 15100.

காவல் துறைக்கும் அதிகாரம் இருக்கிறது. பிரிவு 63இன்படி தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் நிட் ப்ரோ வழக்கில் தீர்ப்பளித்தது. ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள், சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அதன் பிறகு மாஜிஸ்திரேட். 1930 எண் பணமோசடிக்கானது, இதற்கு அதில் கூப்பிட்டுப் பயனில்லை.

நீதிமன்றத்துக்கு மின்னணுச் சான்று கொண்டுபோகும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று கருவியை வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத வேண்டும். சேமித்த பிடிஎஃப்பைப் பிறகு திறந்து கோடு போட்டுச் சேமித்தால் அந்த மதிப்பு மாறிவிடும். மூலத்தைத் தொடாமல் வைத்து நகலில் கோடு போடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் விடுவதில் அவசரம் வேண்டாம். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக எதிராளியே வழக்குப் போட பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 60 இடம் கொடுக்கிறது.

என் கவிதை பெயரில்லாமல் வாட்ஸப்பில் சுற்றுகிறது. தடுக்க முடியுமா?
*தையல் தொழிலாளி, ஊத்தங்கரை*

ஃபார்வர்டைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ தன் பெயரில் போட்டவர்களை மட்டும் அந்தந்தப் படிவத்தில் புகார் செய்யுங்கள். அடுத்த கவிதையைப் படமாகப் போடும்போது பெயரை ஓரத்தில் வைக்காமல் இரண்டு வரிக்கு நடுவே மெல்லிய நிறத்தில் வையுங்கள். ஓரத்துப் பெயரை வெட்ட ஒரு விரல் போதும், நடுவில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் கவிதையையே திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.